செட்டிநாட்டு வீட்டில் மரத்தவளை: தேடும் முறையும் கவனிக்கும் முறையும்

ஐப்பசியில் இரண்டு மழை நன்றாகப் பெய்து, கிணற்றடித் தொட்டி நிரம்பி, முற்றத்துத் தூம்பில் தண்ணீர் ஓடி ஓய்ந்த பிறகு, காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இரவு எட்டு மணிக்கு மேல் கைவிளக்கோடு ஒரு சுற்று வந்தால், வளவுத் தூணிலோ கிணற்றடிச் சுவரிலோ மரத்தவளை ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண நல்ல வாய்ப்பு உண்டு. அதைக் கண்டதும் விளக்குமாற்றைத் தேடுபவர்களே நம் வீடுகளில் அதிகம். அந்தத் தவளையின் அருகில் அரை மணி நேரம் பொறுமையாக நின்று பார்க்க விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. வெளிநாட்டு மரத்தவளைகளின் அழகைப் படங்களில் பார்த்து வியக்கும் நாம், அந்த அழகுக்குக் காரணமான உறுப்புகளையும் உத்திகளையும் பெரும்பாலும் நம் வீட்டுச் சுவரிலேயே நேரில் காணலாம் என்பதை அறிவதில்லை. இந்தப் பழுப்புநிறத் தவளையைப் பார்க்கப் பழகிவிட்டவருக்குப் பனாமாக் காட்டுத் தவளையும் போர்னியோக் காட்டுத் தவளையும் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

மரத்தவளைகள் எல்லாம் ஒரே குடும்பத்தில் பிறந்தவை அல்ல. அமெரிக்கக் கண்டங்களிலும் ஐரோப்பாவிலும் பரவியிருக்கும் ஹைலிடே குடும்பம், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் ராக்கோபோரிடே குடும்பம், ஆப்பிரிக்க நாணல் தவளைகளின் ஹைப்பெரோலிடே குடும்பம், நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள கண்ணாடித் தவளைகளின் சென்ட்ரோலெனிடே குடும்பம் எனப் பல கிளைகள் வெவ்வேறு காலங்களில் தனித்தனியாக மரமேறின. இவற்றை எல்லாம் சேர்த்தால் இனங்களின் எண்ணிக்கை 1,000-ஐ எளிதில் தாண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இந்தக் குடும்பங்கள் விரல்நுனித் தட்டையையும் நீண்ட காலையும் பெரிய கண்ணையும் தனித்தனியே பெற்றன என்பது, மரத்தில் வாழ முயலும் எந்தத் தவளைக்கும் எதிர்ப்படும் இடர்கள் ஒரே வகையானவை என்பதைக் காட்டுகிறது.

எதைத் தேடுகிறோம்

நம் வீடுகளுக்கு வருவது ராக்கோபோரிடே குடும்பத்தைச் சேர்ந்த பாலிபிடேட்டஸ் மாகுலேட்டஸ் என்னும் இனம். 1830-இல் ஜான் எட்வர்ட் கிரே என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம் ஆகிய நாடுகளில் பரவலாகக் காணப்படும் இத்தவளை, சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர்களை நெடுங்காலமாகவே விரும்பி அண்டி வருகிறது. முட்டை வெண்கரு சேர்த்து இழைத்துப் பளிங்காக்கிய நம் சுவர்களில் பல்லியே சில நேரம் தயங்கும். இதற்குத் தயக்கமே இல்லை.

முதல் அடையாளம் விரல்நுனி. ஒவ்வொரு விரலின் முடிவிலும் வட்டமான தட்டை ஒன்று தெளிவாகத் தெரியும். உடல் மெலிந்தும், இடை ஒடுங்கியும், பின்கால்கள் மிக நீண்டும் இருக்கும். முதுகு பழுப்பு, வைக்கோல் மஞ்சள், சாம்பல் ஆகிய நிறங்களுக்கு இடையே மாறும். கரும்புள்ளிகள் சில நேரம் தெரியும், சில நேரம் மங்கிவிடும். ஐயத்துக்கு இடமில்லாத அடையாளம் தொடையின் பின்புறத்தில் உள்ளது. அங்கே கருமையான தோலின் மேல் மஞ்சள் வட்டப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது அவை மறைந்திருக்கும். தவளை காலை நீட்டித் தாவும் நொடியில் மட்டும் பளிச்சிடும். பெண் ஆணைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியது.

தோல் முழுதும் கரடுமுரடாக, தரையில் தத்தித் தத்திப் போவது சொறித்தவளை. அதற்கு விரல்நுனித் தட்டை கிடையாது. சில தோட்டங்களில் உருண்டு திரண்ட உடலும் முதுகில் செங்கல்நிறத் திட்டுகளும் கொண்ட தவளை ஒன்று மரப்பொந்தில் அமர்ந்திருக்கும். அதன் விரல்நுனியும் சற்று அகன்றே இருப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். அது மண்ணுக்குள் புதையவும் தெரிந்த வேறு குடும்பத்துத் தவளை. கால் குட்டையாக, உடல் பருமனாக இருந்தால் நாம் தேடுவது அதுவன்று.

தேரை விழுந்தால் தேங்காய் ஒல்லியாகிவிடும், குழந்தை மெலிந்துவிடும் என்று வீட்டிலுள்ள ஆச்சிமார் சொல்வதுண்டு. தேங்காய் ஒல்லியாவதற்கு மகரந்தச் சேர்க்கைக் குறைவும், மண்ணில் சத்துக் குறைவும், குரும்பையைத் தாக்கும் ஈரியோபைட் சிலந்தியும் காரணங்கள். குழந்தை மெலிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தென்னை மட்டை இடுக்கில் இந்தத் தவளை பகலில் தங்குவது ஈரத்துக்காகவும் நிழலுக்காகவும்தான். பெரியவர்களோடு இதற்காக வாதிடுவதைவிட, ஓர் இரவு அவர்களையே அழைத்துக் காட்டிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். அருகில் பார்த்தவர்கள் பெரும்பாலும் அடிக்கச் சொல்வதில்லை.

எப்போது, எங்கே, எதைக் கொண்டு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களே சிறந்த காலம். கோடை மழைக்கும் சில தவளைகள் வெளியே வரும். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழிந்ததிலிருந்து பத்து மணி வரை பார்ப்பது வசதி. பகலில் தேட வேண்டுமானால் சுவரில் மாட்டிய படங்களின் பின்புறம், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு, ஓட்டுச் சாய்ப்பின் அடிப்பக்கம், மழைநீர்க் குழாயின் வாய், வாழை மட்டையின் உட்புறம், பின்கட்டுக் குளியலறை ஆகிய இடங்களைப் பாருங்கள். வெயில் காலத்தில் இவ்விடங்களில் அது அசையாமல் பல நாள் கிடக்கும். அப்போது அதை வெளியே இழுப்பது அதன் உடலிலுள்ள நீரை வீணாக்குவதாகும். கண்டால் பார்த்துவிட்டுப் படத்தை மெல்ல மீண்டும் சாய்த்துவிடுங்கள்.

கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிக்கொள்வது நல்லது. விளக்கை நேரே கண்ணில் அடிக்காமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் தோலின் மேடுபள்ளங்களும் விரல் தட்டைகளும் நிழலோடு எழுந்து தெரியும். கைப்பேசியில் படம் எடுக்கலாம். மின்னல் விளக்கு வேண்டாம். தொடவே வேண்டாம் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். தவளை தன் தோல் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்வதோடு மூச்சும் விடுவதால், நம் கையிலுள்ள கொசு விரட்டிக் களிம்பு, கைகழுவும் திரவம், வியர்வையின் உப்பு எல்லாம் அதற்குள் இறங்கும். மின்விசிறி, கதவு இடுக்கு என ஆபத்தான இடத்திலிருந்து நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், கையை வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட அடியிலிருந்து ஏந்துங்கள். பிறகு மறக்காமல் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். தவளைத் தோலின் சுரப்பு கண்ணில் பட்டால் எரியும்.

காலடியிலிருந்து தொடங்குங்கள்

பார்க்கத் தொடங்குகிறவர்கள் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். காலடியைப் பார்க்கும்படி நான் பரிந்துரைப்பேன். பழைய வீடுகளின் சன்னல்களில் பெரிய கண்ணாடிகள் இருப்பது இதற்கு நல்வாய்ப்பு. தவளை கண்ணாடியில் ஏறியிருக்கும்போது நீங்கள் மறுபக்கம் போய் நில்லுங்கள். வெளிறிய வயிறும், இடைவிடாமல் துடிக்கும் தொண்டையும், கண்ணாடியோடு சப்பென்று பதிந்திருக்கும் தட்டைகளும் தெரியும். அது ஓர் அடி எடுத்து வைக்கும்போது தட்டை ஒரே வீச்சில் பிடுங்கப்படுவதில்லை. பின் விளிம்பிலிருந்து உரிந்து முன்நோக்கிக் கழன்று வருகிறது. எடுத்த இடத்தில் மெல்லிய ஈரத் தடம் ஒன்று கண்ணாடியில் நின்று, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலர்ந்துவிடும்.

அந்த ஈரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. தட்டையின் மேல்தோல், அறுகோண வடிவச் செல்களால் ஆனது. செல்களுக்கு இடையே நுண்ணிய வாய்க்கால்கள் ஓடுகின்றன. அவற்றில் சுரப்பிகள் வழவழப்பான நீரைச் சுரக்கின்றன. தட்டைக்கும் சுவருக்கும் இடையில் பரவும் மிக மெல்லிய நீர்ப்படலத்தின் இழுவிசையே தவளையைத் தாங்குகிறது. நடக்க நடக்க இந்தச் சுரப்பு தட்டையில் ஒட்டும் தூசியையும் கழுவிவிடுகிறது. மேலும், விரலின் கடைசி இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு குருத்தெலும்பு இருப்பதால், விரல் எப்படி மடங்கினாலும் தட்டை சுவரில் முழுதாகப் பதிந்தே இருக்கிறது. தவளை தலைகீழாகவோ விட்டத்தின் அடியிலோ இருக்கும்போது கைகால்களை அகலப் பரப்பிக்கொள்வதைக் கவனியுங்கள். தட்டையை இழுக்கும் கோணம் குறைந்தால்தான் அது உரிந்துவிடாமல் இருக்கும்.

இதே காலடியில் வேறு காடுகள் வேறு வேலை செய்திருக்கின்றன. ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் போர்னியோவின் சரவாக்கில் இருந்தபோது, உயரமான மரத்திலிருந்து சரிவாகப் பறந்து இறங்கியதாகச் சொல்லி ஒரு சீனத் தொழிலாளி அவரிடம் பெரிய மரத்தவளை ஒன்றைக் கொண்டுவந்தார். விரல்களுக்கு நடுவே நுனிவரை விரிந்த சவ்வைக் கண்டு வியந்த வாலஸ் அதை 1855-இல் வரைந்தும் வைத்தார். 1895-இல் விலங்கியலாளர் பூலஞ்சர் அதற்கு ராக்கோபோரஸ் நைக்ரோபால்மேட்டஸ் எனப் பெயர் சூட்டினார். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதன் உறவுகள் உண்டு. 1870-இல் ஜெர்டன் என்ற இயற்கை ஆய்வாளர் விவரித்த மலபார் பறக்கும் தவளை, பச்சை உடலும் செம்மஞ்சள் சவ்வும் கொண்டது. கிளையிலிருந்து பாய்ந்து ஒன்பது, பத்து மீட்டர் வரை சறுக்கிச் செல்லும். அதற்கு மிக நெருங்கிய மற்றோர் இனம் ஆனைமலையில் இருக்கிறது என்பது 2000-ஆம் ஆண்டில்தான் அறிவியல் உலகுக்குத் தெரிந்தது. நம் வீட்டுத் தவளை தாவும் தருணத்தில் பின்காலை உற்றுப் பார்த்தால் அந்தச் சவ்வின் சிறு அளவு இதனிடமும் இருப்பது தெரியும். முன்கையில் மட்டும் அது இல்லையென்றே சொல்லலாம்.

தோலைப் படிக்கும் முறை

செட்டிநாட்டில் நின்று மரத்தவளையைப் பார்ப்பதில் ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. இது வறண்ட பூமி. மழை ஆண்டில் சில வாரங்களே பெய்யும். ஈரத் தோலுள்ள உயிர் இங்கே எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதே கவனிக்க வேண்டியவற்றில் முதன்மையானது என்று கருதுகிறேன்.

காற்று உலர்ந்த நாளில், விடியலுக்குச் சற்று முன், தவளை ஒதுங்குமிடத்தைத் தேர்ந்து உட்கார்ந்த பிறகு பொறுத்திருந்து பாருங்கள். அது முன்கைகளைத் தலைக்கு மேல் கொண்டுவந்து கண்ணையும் உச்சியையும் வழித்துவிடும். பிறகு பின்காலை முதுகுக்கு மேல் வளைத்துத் தோளிலிருந்து இடுப்பு வரை தடவும்; விலாவைத் தடவும்; மறுபடியும் தலைக்கு வரும். தோல் சுரக்கும் வழவழப்பையும் கொழுப்பையும் உடல் முழுதும் பூசிக்கொள்ளும் செயல் இது. பூசி முடித்ததும் கைகால்களை உடலுக்கு அடியில் இறுக மடக்கி, தாடையைத் தரையோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொள்ளும். ஆவியாகிப் போகும் நீரைக் குறைப்பதற்கே இவ்வளவும் என்பதை இந்த இனத்தை வைத்தே ஆய்வாளர்கள் 1990-களில் விளக்கினார்கள். இதைவிட அழகான காட்சியை நான் ஒரு தவளையிடம் கண்டதில்லை. பத்து நிமிடம் அசையாமல் நிற்க முடிந்தவர் எவரும் இதைக் காணலாம்.

தென் அமெரிக்காவின் வறண்ட சாக்கோ சமவெளியில் வாழும் ஃபில்லோமெடூசா சாவேஜி என்னும் தவளை இதே செயலை மெழுகைக் கொண்டு செய்கிறது. அதன் தோல் சுரப்பிகள் மெழுகுத்தன்மை கொண்ட கொழுப்பைச் சுரக்க, அது நான்கு கால்களாலும் அதை உடலெங்கும் பூசிக்கொண்டு கொளுத்தும் வெயிலிலும் கிளையில் அமர்ந்திருக்கும். தென் ஆப்பிரிக்கப் பகுதிகளின் கைரோமாண்டிஸ் ஸெரம்பெலினா என்னும் தவளை, வெயிலில் ஏறக்குறைய வெண்மையாக வெளுத்துவிடும்; நீரைச் சேமிக்க, பறவைகளுக்கு உரிய முறையில் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றும். இதுவும் நம் தவளையும் ஒரே குடும்பம். பிரேசிலின் காட்டிங்கா முள்காட்டில் உள்ள கோரிதோமாண்டிஸ் கிரீனிங்கை என்னும் தவளை, மரப்பொந்தில் பின்புறமாக நுழைந்து, தோல் எலும்போடு ஒட்டிய தன் தலையாலேயே பொந்தின் வாயை அடைத்துக்கொள்ளும். அந்தத் தலையின் முட்களில் நஞ்சு இருப்பது 2015-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

நிறத்தையும் குறித்துவையுங்கள். அதே தவளையை மாலையிலும், நள்ளிரவிலும், மறுநாள் பகலிலும் ஒரே கோணத்தில் படமெடுத்தால் நிறம் எவ்வளவு மாறுகிறது என்பது தெரியும். தோலுக்குள் மஞ்சள் நிறச் செல்கள் மேலும், ஒளியைத் திருப்பும் செல்கள் நடுவிலும், கருநிறச் செல்கள் அடியிலுமாக அடுக்கப்பட்டுள்ளன. கருநிறத் துகள்கள் பரவினால் உடல் கறுக்கும், சுருங்கினால் வெளுக்கும். உலகின் பச்சைத் தவளைகள் பலவற்றில் பச்சை நிறமியே இல்லை. நடு அடுக்கு திருப்பும் நீல ஒளி, மேலடுக்கின் மஞ்சளைக் கடந்து வெளிவரும்போது நம் கண்ணுக்குப் பச்சையாகிறது.

இந்த அடுக்குகளை ஏறக்குறையத் துறந்துவிட்டவை கண்ணாடித் தவளைகள். வயிற்றுத் தோல் வழியாக இதயம் துடிப்பதையே பார்க்கலாம். ஆனால் சிவந்த குருதி காட்டிக்கொடுத்துவிடுமே என்னும் கேள்விக்கு 2022 இறுதியில் விடை கிடைத்தது. பகலில் இலையில் உறங்கும்போது இத்தவளை தன் சிவப்பணுக்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டைக் கல்லீரலுக்குள் ஒதுக்கிவைத்துக்கொள்கிறது; விழித்ததும் மீண்டும் உடலெங்கும் ஓடவிடுகிறது.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நம் தவளையின் கண்மணி படுக்கைவாட்டில் இருக்கும், சுற்றிலும் பொன்நிறம். பூச்சியை விழுங்கும்போது இரண்டு கண்களும் மண்டைக்குள் அமிழ்ந்து எழும். இரையைத் தொண்டைக்குள் தள்ள அவை உதவுகின்றன. நடு அமெரிக்காவின் அகலிக்னிஸ் காலிட்ரையஸ், செங்கண் மரத்தவளை என்று உலகெங்கும் படங்களில் அறியப்பட்டது. அதன் கண்மணி செங்குத்தானது. பகலில் நீல விலாவையும் செம்மஞ்சள் பாதங்களையும் உடலுக்குள் மடக்கி, பொன்வலை பின்னிய இமைச்சவ்வால் செங்கண்ணையும் மூடிக்கொண்டால் எஞ்சுவது இலைப் பச்சை மட்டுமே. தொடையிலுள்ள மஞ்சள் புள்ளியை நம் தவளை மறைத்துவைப்பதும் இதே வழக்கம்தான்.

காதால் தேடுதல்

மழை விட்ட இரவில் முதலில் காதைக் கொடுங்கள். கண்மாய்ப் பக்கம் பெருந்தவளைகளின் முழக்கமும், புல்வெளியில் சிறு தவளைகளின் கிறீச்சொலியும் கேட்கும். மரத்தவளையின் குரல் இவற்றிலிருந்து வேறு. மரக்கதவை விரல் முட்டியால் விட்டு விட்டுத் தட்டுவது போல, ‘டக், டக், டக்டக்டக்’ என்று உயரத்திலிருந்து வரும். அழைப்பது ஆண் மட்டுமே. குரல் வரும் திசையில் இரண்டு அடி நடந்து, நின்று, அது அடங்கினால் நீங்களும் அடங்கி, மீண்டும் தொடங்கிய பிறகே நகருங்கள். விளக்கைக் கடைசியாகத்தான் ஏற்ற வேண்டும்.

கைப்பேசியில் ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்து, தேதி, நேரம், மழை பெய்ததா என்பவற்றைக் குறியுங்கள். குரல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வட அமெரிக்காவின் சாம்பல் மரத்தவளைகள் சான்று. அங்கே இரண்டு இனங்கள் தோற்றத்தில் பிரித்தறிய முடியாதவை. ஒன்றின் குரோமோசோம் எண்ணிக்கை மற்றதைவிட இரு மடங்கு. கூவலின் வேகத்தைக் கேட்டுத்தான் மனிதர்களும், பெண் தவளைகளும், இனத்தைப் பிரித்தறிகிறார்கள்.

தீபாவளி பெரும்பாலும் இந்தக் கூவல் காலத்தின் நடுவில் வருகிறது. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி மக்கள் கண்மாய்ப் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாக வெடி வெடிப்பதில்லை என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். கூவும் தவளைகள் உள்ள கிணற்றடியிலும் தோட்டத்திலுமாவது வெடியைத் தவிர்த்தால் அதே பெருமைக்கு நாமும் உரியவராவோம்.

நுரைக் கூடு

கூவல் கேட்ட மறுநாள் காலையில், தண்ணீருக்கு மேலே பாருங்கள். தொட்டியின் உட்சுவர், அதன் மேல் சாய்ந்த வாழை இலை, ஊருணிக் கரையில் தொங்கும் கிளை ஆகியவற்றில் கைப்பிடி அளவு வெண்ணுரை ஒட்டியிருந்தால் அதுவே கூடு. இரவில் இணை சேர்ந்திருக்கும்போது பெண் ஒரு திரவத்தைச் சுரந்து, அதைப் பின்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கி, அதற்குள் சில நூறு முட்டைகளை இடுகிறது. சில மணி நேரத்தில் வெளிப்புறம் உலர்ந்து மஞ்சளாகி மேலோடு போடும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். தண்ணீரிலுள்ள மீனும், தட்டான் பூச்சியின் இளம்புழுவும் முட்டைகளை எட்ட முடியாது. நான்கைந்து நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகக் கீழே தண்ணீரில் விழும்.

கூட்டைக் கண்டதும் அதைக் கிளறிப் பார்க்கும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். ஓடு உடைந்தால் எறும்பும் வெயிலும் உள்ளே புகும். காலை, மாலை ஒரே இடத்திலிருந்து படமெடுத்து வந்தால் போதும்.

முட்டைக்கு இடம் தேடுவதில்தான் மரத்தவளைகள் தம் அறிவின் எல்லையைத் தொட்டிருக்கின்றன என்று எனக்குத் தோன்றும். செங்கண் மரத்தவளை குளத்துக்கு மேலுள்ள இலையில் முட்டையிடும். ஆறேழு நாளில் பொரிய வேண்டிய முட்டைகளைப் பாம்பு கடிக்கத் தொடங்கினால், பக்கத்திலுள்ள கருக்கள் அதிர்வை உணர்ந்து முன்கூட்டியே பொரிந்து தண்ணீரில் குதித்துவிடும் என்பதை உயிரியலாளர் காரென் வார்கென்டின் 1995-இல் வெளியிட்டார். மழைத்துளியின் அதிர்வுக்கு அவை ஏமாறுவதில்லை. ஆண்டிஸ் மலைப்பகுதியின் காஸ்ட்ரோதீக்கா என்னும் தவளை வகையின் பெண், முட்டைகளை முதுகுப் பையில் சுமக்கிறது. நம் மேற்கு மலைகளில் உள்ள ராவோர்கெஸ்டெஸ் என்னும் புதர்த்தவளை இனங்களுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வெளிவருகிறது. அவற்றுள் ராவோர்கெஸ்டெஸ் சலசோடெஸ் களக்காடு முண்டந்துறைக் காட்டில் மூங்கில் கணுவிடையின் சிறு பிளவு வழியாக உள்ளே நுழைந்து, அங்கே முட்டையிடுகிறது. காவல் இருப்பது தந்தை.

தொட்டியை வைத்துக்கொள்ளும் முறை

தலைப்பிரட்டை தவளையாக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். இந்த இனத்தின் தலைப்பிரட்டையை மூக்கு நுனியிலுள்ள வெள்ளிப் புள்ளியைக் கொண்டு மேலிருந்தே அறியலாம். தொட்டியைக் கழுவித் துப்புரவாக வைப்பது நம் வழக்கம். குடிநீரிலும் புழங்குநீரிலும் கொசு பெருகாமல் காப்பது கடமையும்கூட. ஆகவே புழங்கும் தொட்டிகளை மூடி வையுங்கள் அல்லது வலை கட்டுங்கள். தவளைக்கென்று வாய் அகன்ற பழைய சிமென்ட் தொட்டி ஒன்றை நிழலில் தனியே விட்டுவிடுங்கள்.

புழங்கும் தொட்டியில் கூடு அமைந்துவிட்டால், இலையிலோ கிளையிலோ இருக்கும் கூட்டை அந்த இலையோடு நறுக்கித் தனித்தொட்டியின் மேல், அதே முகம் கீழ்நோக்க, கட்டித் தொங்கவிடுங்கள். சுவரில் ஒட்டியிருந்தால் பெயர்க்க வேண்டாம். அடியில் தண்ணீர் நிறைந்த அகன்ற தாம்பாளத்தை வைத்து, விழும் தலைப்பிரட்டைகளை நாள்தோறும் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். தலைப்பிரட்டை கொசுப்புழுவை ஒழித்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒரு முறை தேநீர் வடிகட்டியால் மேற்பரப்பிலுள்ள கொசுப்புழுவை அள்ளி எறியுங்கள். மருந்து ஊற்றவோ, பிளீச்சிங் பவுடர் தூவவோ, கப்பி மீன் விடவோ வேண்டாம். தொட்டிச் சுவரில் படியும் பாசியே நல்ல உணவு. பாசி குறைவாக இருந்தால் வெந்த கீரையைச் சிட்டிகை அளவு போடலாம். சோறு போட்டால் தண்ணீர் கெட்டுவிடும். முன்கால் முளைத்ததும் ஒரு கட்டையைத் தண்ணீரிலிருந்து விளிம்பு வரை சாய்த்து வையுங்கள். ஏற வழியில்லாத குட்டிகள் மூழ்கி இறந்துவிடும்.

தொட்டியைத் தேடிக் கொம்பேறி மூக்கன் வரக்கூடும். மரத்தவளை அதன் இயல்பான இரை. மனிதருக்கு அதனால் ஆபத்தில்லை. விலகி நின்றால் அது தன் வழியே போய்விடும். வீட்டைப் புதுப்பிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் கூரையை முழுதாக அடைத்துவிட்டால் மழையோடு சேர்ந்து இந்தத் தவளையும் வீட்டை விட்டுப் போய்விடும். வலை கட்டுவதானாலும் ஒரு மூலையையாவது திறந்து விடுங்கள்.

மலைக்குச் செல்கிறவர்களுக்கு

வால்பாறைக்கோ கொடைக்கானலுக்கோ போய் மற்ற மரத்தவளைகளைப் பார்க்க விரும்பினால், வனத்துறை அனுமதியோடும் உள்ளூர் வழிகாட்டியோடும் செல்லுங்கள். காலணியில் ஒட்டிய சேற்றை அங்கேயே தேய்த்துக் கழுவி, முழுதாகக் காயவைத்த பிறகே ஊர் திரும்புங்கள். ஓர் ஊரின் தவளையையோ தலைப்பிரட்டையையோ மற்றோர் ஊருக்குக் கொண்டுவரவே கூடாது. கைட்ரிட் என்னும் பூஞ்சை நோய் நீராலும் சேற்றாலும் பரவி உலகின் பல தவளை இனங்களை அழித்திருக்கிறது. பனாமாவின் எக்னோமியோஹைலா ராபோரம் என்ற பெரிய மரத்தவளைக்கு 2008-இல்தான் அறிவியல் பெயர் கிடைத்தது; அந்த இனத்தில் கடைசியாக அறியப்பட்ட ஆண் தவளை 2016 செப்டம்பரில் அட்லாண்டா தாவரவியல் பூங்காவில் இறந்தது. பெயரிட்டு எட்டே ஆண்டுகள்.

வீட்டில் எடுத்த பதிவுகளையும் வீணாக்க வேண்டாம். விரல் தட்டை, தொடைப் புள்ளி, முதுகு மூன்றும் தெரியும் படங்களை, ஊர்ப் பெயர், தேதி, நேரம், ஒலிப்பதிவு ஆகியவற்றோடு உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் என்னும் இணையத் தளத்தில் ஏற்றுங்கள். வீட்டு முகவரி வெளியே தெரியாமல் இருக்க, இடத்தை மறைத்துக் காட்டும் வசதி அதில் உண்டு. முதல் கூவல் கேட்ட நாள், முதல் நுரைக் கூடு கண்ட நாள், குட்டிகள் கரையேறிய நாள் ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் நாட்காட்டியிலேயே குறித்து வந்தால், நம் ஊரின் மழை தள்ளிப்போகும் ஆண்டுகளில் தவளைகளின் நாட்களும் எவ்வாறு தள்ளிப்போகின்றன என்பதை ஒப்பிட்டுப் பார்க்க அதுவே ஆதாரமாகும்.